ஊதிப் பார்க்கும் கருவி: ஒரு வருடம் பாவித்த பிறகு

மட்டக்களப்பு கல்லடியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறேன். போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு, வாயால் ஊதினால் உடம்பில் எவ்வளவு மது இருக்கிறது என்று எண்ணில் காட்டும் சின்னக் கருவி ஒன்றை ஒன்லைனில் வாங்கினேன். கூரியர் காசோடு 6,800 ரூபாய். சீனாவில் செய்தது. பெட்டியில் இருந்த பெயரைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, இதே சாமானைப் பத்துப் பெயரில் விற்கிறார்கள். கராஜுக்கு வருகிறவர்கள் ஆணியில் தொங்கும் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணன், இது வேலை செய்யுமா? வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் பாவித்துவிட்டதால் எழுதுகிறேன்.

பழைய பட்டன் போன் அளவுதான். இரண்டு சின்னப் பற்றரி போட வேண்டும். பட்டனை அமத்தினால் உள்ளே இருக்கும் சென்சர் சூடாகும்வரை திரையில் எண்கள் இறங்கும். அது முடிந்ததும் பிளாஸ்டிக் குழாயில் வாய் வைத்து ஐந்து செக்கன் ஒரே மூச்சாக ஊத வேண்டும். இடையில் மூச்சு நின்றால் ஏற்றுக்கொள்ளாது, திரும்ப ஊதச் சொல்லும். சத்தம் கேட்டதும் எண் வரும். 0.00 என்றால் ஒன்றும் இல்லை. 0.08 என்றால் 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது. நம் இலங்கைச் சட்டம் நெடுங்காலமாக வைத்திருக்கும் எல்லை அதுதான், அதைத் தொட்டால் திரை சிவப்பாகும். ஐந்து குழாய் தருவதாகப் போட்டிருந்தார்கள், பெட்டிக்குள் மூன்றுதான் இருந்தது. விற்றவருக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. செய்முறைத் தாளில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

சரி, கராஜ்காரனுக்கு இது எதற்கு?

எங்களுக்குக் குத்துச்சண்டை என்றால் உயிர். லாஸ் வேகாஸில் சனிக்கிழமை இரவு நடக்கிற சண்டை இங்கே ஞாயிறு காலையில் வரும். என் வீட்டு விறாந்தையில் எட்டுப் பத்துப் பேர் கூடுவோம். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர் வருவார். காத்தான்குடியில் இருந்து ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் காக்கா என்போம், தயிர்ச் சட்டியோடு வருவார். வாவியில் இறால் பிடிக்கும் அண்ணன், பக்கத்து ஒழுங்கையில் ஆட்டோ ஓடும் தம்பி, அப்புறம் என் மனைவியின் தம்பி. புட்டும் தயிரும் வாழைப்பழமுமாகச் சண்டை பார்ப்பது எங்களுக்கு ஒரு சடங்கு மாதிரி.

2023 ஜூலை 30 காலை எரோல் ஸ்பென்ஸ், டெரன்ஸ் குரோஃபோர்ட் சண்டை. ஸ்பென்ஸ் மூன்று முறை விழுந்தார், ஒன்பதாவது சுற்றில் நடுவர் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு மத்தியானம் வரை விறாந்தையில் ஒரே வாக்குவாதம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பென்ஸ் 2019 செப்டம்பர் 28 இல் ஷோன் போர்ட்டரை வென்றார். பன்னிரண்டு நாள் கழித்து, ஒக்டோபர் 10 அதிகாலையில், டலஸ் நகரில் அவருடைய வெள்ளை ஃபெராரி உருண்டு புரண்டது. சீற் பெல்ட் போடவில்லை, வெளியே தூக்கி எறியப்பட்டார். எலும்பு ஒன்றும் முறியவில்லை என்பது பெரிய அதிசயம். குடித்துவிட்டு ஓட்டினார் என்று பொலிஸ் குற்றம் சாட்டியது. அடுத்த வருடம் டிசம்பரில் திரும்பி வந்து டானி கார்சியாவை வென்றார், 2022 இல் யூகாஸையும் வென்றார்.

"அந்த எக்சிடன்ட்தான் அண்ணன் அவர முடிச்சது. இல்லாட்டிக் குரோஃபோர்டால கிட்டப் போக ஏலுமா?" என்றான் ஆட்டோ தம்பி.

"அதுக்குப் பிறகும் ரெண்டு பேரை வெண்டவர்தானே தம்பி. குரோஃபோர்ட் கெட்டிக்காரன், அவ்வளவுதான்" என்றார் மாஸ்டர்.

கழுத்து போய்விட்டது என்றார் ஒருவர், கண் பார்வை குறைந்துவிட்டது என்றார் இன்னொருவர். மூன்று மணித்தியாலம் கதைத்திருப்போம். அந்த மூன்று மணித்தியாலத்தில் ஒருவராவது "குடிச்சிட்டு ஏன் காரில ஏறினார்?" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தோள்மூட்டு விலகுவது மாதிரி, மழை வருவது மாதிரி, அந்த விபத்து அவர் மேல் வந்து விழுந்தது என்றுதான் எல்லோரும் கதைத்தோம். சாவியைத் திருப்பியது அவருடைய கை என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை.

பின்னேரம் போத்தல் வந்தது. ஏழரை மணிக்கு மனைவியின் தம்பி களுவாஞ்சிகுடிக்கு வெளிக்கிட்டான். அவனுடைய மோட்டார் சைக்கிள் இரண்டு நாளாக என் கராஜில் நின்றது, புதுச் செயின் பூட்டியிருந்தேன். சாவியை அவன் கையில் கொடுத்தது நான். "மெதுவாப் போ மச்சான்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மட்டக்களப்பில் இரவில் வண்டி ஓடுகிற எல்லோருக்கும் மாடுகளைத் தெரியும். தார் சூட்டுக்கு நடு றோட்டில் படுத்துக் கிடக்கும். குடிக்காதவன் கண்ணுக்கே கறுத்த மாடு கடைசி நேரத்தில்தான் படும். ஆரையம்பதி தாண்டிக் கொஞ்சத் தூரம் போயிருக்கிறான். ஹெல்மெட் தலையில் இருந்தது, வாரைப் பூட்டவில்லை. இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றைக்கும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறான்.

வண்டியை என்னிடம்தான் கொண்டுவந்து இறக்கினார்கள். முன் சில்லைத் தாங்குகிற போர்க் இரண்டும் எஞ்சினில் முட்டும்வரை பின்னால் வளைந்திருந்தன. இடது பக்கத்து சீல் கிழிந்து எண்ணெய் வழிந்திருந்தது, அந்த எண்ணெயில் மாட்டு மயிர் ஒட்டியிருந்தது. நான் பூட்டிய செயின் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் மினுங்கிக் கொண்டிருந்தது. அதைக் கழற்றி வேறு வண்டிக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. தகரப் பேணி ஒன்றுக்குள் இன்னும் கிடக்கிறது. திங்கட்கிழமை காலையில் கராஜுக்கு வருகிற வண்டிகளில் இப்படியானவை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் கையில் ஸ்பானரைப் பிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பல மாதம் விறாந்தையில் சண்டை பார்க்கவில்லை. திரும்பத் தொடங்கியபோது இந்தக் கருவியை வாங்கினேன். வாசலில் ஒரு தகரப் பெட்டி வைத்தேன். போத்தல் வருகிற ஞாயிறு என்றால் வந்தவுடனே எல்லோருடைய சாவியும் அதற்குள். ஊதிப் பார்க்காமல் சாவி வெளியே வராது.

முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. இறால் அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "எனக்கு இருபத்தைஞ்சு வருசப் பழக்கம். நான் குடிச்சது என்ட பொண்டாட்டிக்கே தெரியாது" என்றார். அவர் சொல்வதில் பொய் இல்லை. அரைப் போத்தல் உள்ளே போனாலும் வலையில் முடிச்சுப் போடுவார். அன்றைக்கு மாஸ்டரின் மருமகனும் வந்திருந்தார், வங்கியில் வேலை, எப்போதாவது குடிக்கிறவர். இருவரும் ஏறக்குறைய ஒரே எடை, குடித்ததும் ஒரே அளவு, ஆளுக்குக் கால் போத்தலுக்குக் கொஞ்சம் கூட. மருமகனின் முகம் சிவந்து, சொன்னதையே திரும்பச் சொல்லிக் கொண்டிருந்தார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து இறாலுக்கு உப்புக் காணாது என்று குறை சொல்லிக் கொண்டிருந்தார். இருவரையும் ஊத வைத்தோம். மருமகனுக்கு 0.10. அண்ணனுக்கு 0.11.

விறாந்தை அமைதியாகிவிட்டது. அண்ணன் இன்னொரு தடவை ஊதினார், திரும்பவும் அதே எண். மாஸ்டர்தான் விளக்கினார்: பழக்கம் என்பது வெறியை மறைக்கும், குறைக்காது. நாக்கு தடுமாறாமல் இருக்க உடம்பு பழகிக்கொள்ளும், ஆனால் இரத்தத்தில் இருக்கிறது இருக்கிறதுதான். நான் தாங்குவேன் என்று நினைக்கிறவன்தான் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் அவனை யாரும் தடுக்க மாட்டார்கள்.

அண்ணன் விடவில்லை. தேசிக்காய்ச் சாறு குடித்தார், பால் விடாத கோப்பி குடித்தார், கிணற்றடியில் தலை முழுகிவிட்டு வந்தார். இரண்டு மணித்தியாலம் கழித்து ஊதினால் 0.08. மணிக்கு 0.015 அளவில்தான் உடம்பு கரைக்கும் என்று மாஸ்டர் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார், அது சரியாக வந்தது. தேசிக்காயும் கிணற்றுத் தண்ணீரும் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்கவில்லை. அன்றைக்கு அண்ணனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம்.

இதைக் குத்துச்சண்டை இரசிகர்களுக்காகவே சொல்கிறேன். எங்கள் கூட்டத்திலும் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது, பயிற்சி எடுத்த உடம்புக்கு வெறி ஏறாது என்று. டியகோ கோராலஸை நினைத்துப் பாருங்கள். 2005 மே 7, லாஸ் வேகாஸ், ஹோசே லூயிஸ் கஸ்டியோவுடன் சண்டை. பத்தாவது சுற்றில் இரண்டு தடவை விழுந்தார். பல்லுறை வாயில் இருந்து வெளியே விழுந்தது, ஒரு புள்ளியும் வெட்டினார்கள். கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டு வந்தன. எழும்பி நின்று, அதே சுற்றில் கஸ்டியோவைக் கயிற்றோடு சாய்த்து அடித்து முடித்தார். நான் பார்த்த சண்டைகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை, இப்போது பார்த்தாலும் மயிர்க்கூச்செறியும். சரியாக இரண்டு வருடம் கழித்து, 2007 மே 7, அதே ஊரில் மோட்டார் சைக்கிளில் போய் முன்னால் போன காரில் மோதி இறந்தார். அவர் இரத்தத்தில் இருந்தது 0.25. அந்த ஊர்ச் சட்டத்தின் எல்லையும் நம்முடையது மாதிரி 0.08 தான், அதைப் போல மூன்று மடங்கு. கஸ்டியோ இரண்டு தடவை விழுத்தியும் எழும்பிய உடம்பு அது. வயது 29.

அந்த எண்ணை முன்பும் வாசித்திருக்கிறேன், ஆனால் எண்ணாகத்தான் வாசித்தேன். இறால் அண்ணனின் 0.11 ஐக் கையில் பிடித்துப் பார்த்த பிறகுதான் 0.25 என்றால் என்ன என்று விளங்கியது.

காக்கா குடிக்கிறவர் அல்ல, போத்தல் வருமுன் எழும்பிப் போய்விடுவார். ஆனால் கதை இந்தப் பக்கம் திரும்பினால் அவர்தான் பிரித்தானியக் குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீட்டை எடுப்பார். தொண்ணூறுகளில் நசீம் என்றால் அவருக்கு உயிர். 2005 மே மாதம் ஷெஃபீல்டில் நசீம் மக்லரன் காரை வேகமாக ஓட்டி எதிரே வந்தவரின் காரில் மோதினார். அந்த மனிதர் உடம்பெல்லாம் எலும்பு முறிந்து கிடந்தார். அடுத்த வருடம் நசீமுக்குப் பதினைந்து மாதச் சிறைத் தண்டனை. அரசி கொடுத்த பட்டமும் பறிபோனது. "அதில குடி இல்ல தம்பி. வேகம் மட்டும்தான். அதுக்கே அந்தத் தண்டனை சரி எண்டுதான் நான் சொல்லுவன்" என்பார் காக்கா. தன் நாயகனைப் பற்றி அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரியும். ஆட்டோ தம்பி மைக் டைசனைக் கொண்டுவருவான். 2006 டிசம்பரில் அரிசோனாவில் போதையில் ஓட்டிப் பிடிபட்டார், கொக்கெயினும் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை ஒரு நாள் சிறை, மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. யாருக்கும் அடிபடவில்லையே, அதனால் ஒரு நாள் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த நியாயம் பிடிக்கவில்லை. அடிபடாமல் விட்டது டைசன் செய்த நல்ல காரியம் அல்ல, அந்த நேரம் றோட்டில் குறுக்கே ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச நாளைக்கு முன் ஸ்பென்ஸின் கதை திரும்ப வந்தது. அந்த விபத்து நடந்திராவிட்டால் என்று யாரோ தொடங்கினார்கள். மனைவியின் தம்பி தன் காலை நீட்டி வைத்துக்கொண்டு கேட்டுக் கொண்டிருந்தான். "அத்தான், எனக்கு எக்சிடன்ட் நடந்த எண்டு எல்லாரும் சொல்லுறாங்க. நடக்கல்ல. நான் குடிச்சிட்டு ஓடினன்" என்றான். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இனிக் கருவியின் குறைகள். இது மலிவான சென்சர் வகை. மதுவை மட்டும் பிரித்தறியத் தெரியாது, வேறு ஆவிகளுக்கும் எண் காட்டும். என் கராஜுக்குள் கார்புரேற்றர் கழுவிக் கொண்டிருக்கும்போது ஊதினால் ஒரு சொட்டும் குடிக்காத எனக்கு 0.02 காட்டுகிறது. வெளியே வேப்ப மரத்தடிக்குப் போய் ஊதினால் 0.00. பெற்றோல், தின்னர் வாடை இருக்கிற இடத்தில் பாவிக்கவே கூடாது. நன்றாகக் கனிந்து புளித்த பலாச்சுளை நாலு சாப்பிட்டுவிட்டு ஊதினேன், 0.02 வந்தது. பத்து நிமிடத்தில் போய்விட்டது. குடித்த வாயோடு உடனே ஊதினாலும் இப்படித்தான், வாயில் ஒட்டியிருக்கிற சாராயத்தையும் சேர்த்துக் காட்டும். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு இருபது நிமிடம் பொறுத்து ஊத வேண்டும். பத்து மாதத்துக்குப் பிறகு ஒரே ஆள் அடுத்தடுத்து ஊதினால் 0.02 வித்தியாசம் வரத் தொடங்கியது. இந்த வகைச் சென்சரை அடிக்கடி சரிபார்க்க வேண்டுமாம், இங்கே அதைச் செய்துதர ஆள் கிடைக்கவில்லை. பொலிஸ் மறிக்கும்போது இதைக் காட்டி வாதாடலாம் என்றும் நினைக்காதீர்கள். அவர்கள் வைக்கிற சோதனையில் என்ன வருகிறதோ அதுதான் கணக்கு.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று. தாளில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது, நான் பட்டறிந்து கொண்டேன். கருவி காட்டுவது ஊதிய அந்த நிமிடத்தின் அளவை. வயிற்றில் இருக்கிறது இன்னும் இரத்தத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிறு மாஸ்டரின் மருமகனுக்கு 0.06 வந்தது. எல்லைக்குள்தானே என்று சாவியைக் கேட்டார். மாஸ்டர் கொடுக்க விடவில்லை. நாற்பது நிமிடம் கழித்து ஊதினால் 0.09. சாவியைக் கொடுத்திருந்தால் அந்த 0.09 வரும்போது அவர் செங்கலடிப் பக்கம் றோட்டில் இருந்திருப்பார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 0.08 என்ற கணக்கு இல்லை. 0.00 வந்தால் சாவி, இல்லாவிட்டால் ஆட்டோ, அல்லது விறாந்தையில் பாய்.

ஆகவே, "எவ்வளவு குடிச்சா ஓடலாம்" என்று அளப்பதற்கு வாங்குகிறீர்கள் என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த வேலைக்கு இது உதவாது, ஆளைக் கொல்லும். வெறி இல்லை என்று சாதிக்கிற ஒரு மனிதனிடம் சாவியை வாங்குவதற்கு வேண்டும் என்றால் வாங்குங்கள். நான் "மெதுவாப் போ மச்சான்" என்று சொன்னதற்கும் திரையில் 0.11 சிவப்பாக எரிவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். வாய்ச் சொல்லோடு சண்டை பிடிக்கலாம், நட்பு முறிந்துவிடுமோ என்று நாமே பின்வாங்கலாம். எண்ணோடு யாரும் சண்டை பிடித்து நான் பார்க்கவில்லை. 6,800 ரூபாய் கூட என்று சொல்பவர்களுக்கு, ஒரு முன் போர்க் மாற்றவே அதைவிடக் காசு போகும்.

ஒரு திங்கட்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு ஆட்டோ தம்பி கிளச் கேபிள் மாற்ற வந்தான். முதல் நாள் ஏறாவூரில் கலியாண வீடு, பன்னிரண்டு மணிவரை குடித்தானாம். படுத்தெழும்பி, குளித்து, திருநீறு பூசி, இடியப்பமும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். கண் தெளிவு, நடை தெளிவு. ஆறே முக்காலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறு பேரை ஏற்ற வேண்டும். நான் கேட்கவில்லை, அவனாகவே ஆணியில் இருந்து கருவியை எடுத்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனான். 0.05.

திரையைப் பார்த்தபடி நின்றான். இரவு பன்னிரண்டு மணிக்கு 0.14 இருந்திருக்கும், ஆறு மணித்தியாலத்தில் ஒன்பது புள்ளி போனால் மிச்சம் ஐந்து, மாஸ்டரின் கணக்கு அவனுக்கும் பாடம். "சட்டத்துக்குள்ளதான் அண்ணன்" என்றான். அப்புறம் போனை எடுத்துத் தரிப்பிடத்தில் நிற்கிற இன்னொரு தம்பியைக் கூப்பிட்டு, "மச்சான், இண்டைக்கு என்ட பிள்ளையள நீ ஏத்து" என்றான். கேபிள் மாற்றி முடிந்தும் பத்தரை மணிவரை கராஜில்தான் உட்கார்ந்திருந்தான்.

இப்போது எண் தடுமாறத் தொடங்கியிருப்பதால், பொலிஸாரும் கம்பனிகளும் பாவிக்கிற ஃபியூவல் செல் என்ற வேறு வகைச் சென்சர் உள்ள கருவி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை மூன்று மடங்குக்கு மேல், ஆனால் பெற்றோல் வாடைக்கு ஏமாறாது என்கிறார்கள். மாஸ்டரும் காக்காவும் ஆளுக்கு ஐயாயிரம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இறால் அண்ணனும் பங்கு தருவதாகச் சொன்னார். பழையதை மனைவியின் தம்பி கேட்டிருக்கிறான். எண் பிசகும் என்று சொன்னேன். பரவாயில்லை அத்தான், 0.00 இல்லாட்டி ஒருத்தனுக்கும் சாவி குடுக்கப் போறதில்லைத்தானே என்றான். பற்றரி மாற்றி, புதுக் குழாய் இரண்டு வாங்கிப் போட்டுக் கொடுக்கப் போகிறேன்.